பஜ்ஜி தின்றால் பத்து கிலோ குறையும்

என் வாழ்க்கையில் நான் செய்த முதல் ஆராய்ச்சியின் முடிவு இது: கொள்ளு உடல் எடையைக் கூட்டும், வாழைக்காய் பஜ்ஜி குறைக்கும். இதை ஏதோ விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பன்னிரண்டு வாரம், நாள், கிழமை, மணி, நிமிடம் எல்லாம் போட்டு, எண்பது பக்க நோட்டில் கோடு கிழித்து, அட்டவணை போட்டு நிரூபித்தேன். இன்றுவரை என் முடிவை மறுத்து யாரும் கட்டுரை எழுதவில்லை. (எழுத வேண்டிய அவசியம் வரவில்லை. ஒரு தொழிற்சாலையின் வாசலில் நூற்றுக்கணக்கான பேர் முன்னிலையில் அது தானாகவே செத்துப்போனது.)

2003ஆம் வருடம், சித்திரை மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றே காலுக்கு, ஸ்ரீபெரும்புதூரில் ஒரு டாக்டரம்மாவின் அறையில் இது ஆரம்பித்தது. நான் அப்போதுதான் பிளஸ் டூ எழுதி முடித்திருந்தேன். என்னை அங்கே அழைத்துப் போனதற்குக் காரணம் எடை அல்ல, கழுத்து. என் பின்கழுத்தில் பட்டையாக ஒரு கருப்பு படிந்திருந்தது. அதை அழுக்கு என்று முடிவு செய்து, அம்மா ஒரு வருடமாகப் பீர்க்கங்காய் நாரும் பயத்தமாவும் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். என் தோல் போனதே தவிர கருப்பு போகவில்லை.

டாக்டரம்மா பார்த்தவுடன் சொன்னார்: "இது அழுக்கு இல்லம்மா. உடம்பு உள்ள இருந்து எழுதியிருக்கிற லெட்டர்." ரத்தம் எடுத்தார்கள். சர்க்கரை, வியாதி என்று சொல்லும் அளவுக்கு இல்லை. இல்லை என்று சொல்லும் அளவுக்கும் இல்லை. எடை எண்பத்தாறு கிலோ. "மூணு மாசம் டைம் தரேன். அஞ்சு கிலோ குறைச்சுட்டு வா. சர்க்கரை இறங்கலைன்னா மாத்திரைதான்."

மாத்திரை எனக்குப் பெரிய விஷயமாகத் தெரியவில்லை. வெளியே வந்ததும் அம்மா போட்ட தீர்ப்புதான் இடியாக விழுந்தது.

"சக்கரைய வெச்சிக்கினு வேலூர் ஹாஸ்டலா? எவ பார்ப்பா ஒன்ன? எறங்குனா ஹாஸ்டலு. எறங்கலன்னா வூட்டாண்ட கீற காலேஜு. அவ்ளோதான்."

வேலூரில் ஒரு கல்லூரியில் பி.ஏ. வரலாறு படிக்க விண்ணப்பம் போட்டிருந்தேன். வீட்டருகே இருந்த கல்லூரியில் வரலாறு கிடையாது. அதாவது ஐந்து கிலோவுக்கு அந்தப் பக்கம் என் எதிர்காலம், இந்தப் பக்கம் நான்.

இனி எடையை எதில் பார்ப்பது? வீட்டில் எடை பார்க்கும் இயந்திரம் இல்லை. ஊரில் மருந்துக்கடை இருந்தது. அங்கே இருந்த தராசின் முள் அறுபதைத் தாண்டினால் நடுங்க ஆரம்பித்து நிற்காது. இதை அப்பாவிடம் சொன்னேன். அவர் முகம் சுருங்கியது.

"நாப்பது டன் எடை போடற மெஷின் அப்பன் கையில கீது. நீ இன்னாத்துக்கு மருந்துக்கடைல போயி ஏறணும்?"

அப்பா, சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலையில், ஒரகடத்துக்குக் கொஞ்சம் முன்னால் இருந்த ஓர் எடைமேடையில் வேலை பார்த்தார். சாலை மட்டத்தில் நீளமாக ஓர் இரும்புப் பலகை. அதன்மேல் லாரி ஏறி நிற்கும். பக்கத்துக் கண்ணாடி அறையில் சிவப்பு எண்ணில் எடை தெரியும். அப்பா ஒரு பொத்தானை அழுத்தினால் சீட்டு வரும். அந்தச் சாலையில் கம்பெனிக்குப் போகும் எந்தச் சரக்கும் அப்பாவின் சீட்டு இல்லாமல் நகராது என்பது அவருடைய பெருமை.

முதல் வியாழக்கிழமை, அப்பாவுக்குச் சோறு எடுத்துப் போன கையோடு, நான் மட்டும் தனியாக அந்த மேடையில் ஏறி நின்றேன். பன்னிரண்டு சக்கர லாரி நிற்கிற இடத்தின் நடுவில் சுடிதார் போட்ட ஒரு பெண். சிவப்பு எண் என்ன காட்டியது தெரியுமா? பூஜ்யம்.

என்னை ஒரு பொருட்டாக மதிக்காத எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த ஒரு நிமிடம், அந்த இயந்திரத்தை நான் காதலித்தேன்.

"சில்லறை எடையெல்லாம் இது எடுக்காது பாப்பா" என்று அப்பா விளக்கினார். "லாரியோட சேர்த்துத்தான் எடுக்கும்."

அப்போது மேடைக்கு வெளியே நின்றது ஏகாம்பரம் அண்ணனின் லாரி. மணலியிலிருந்து இரும்புக் கம்பிகளை ஏற்றிக்கொண்டு, போல்ட் நட்டு செய்யும் ஒரு கம்பெனிக்கு வாராவாரம் வியாழன் தவறாமல் வருவார். அப்பாவுக்கு ஒரு யோசனை பிறந்தது. லாரியை ஏற்றி ஒரு முறை எடை. சீட்டு அச்சடித்துக்கொள்வது. பிறகு நான் லாரியில் ஏறி ஏகாம்பரம் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ள, இன்னொரு முறை எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் யார்? நான்.

(பள்ளியில் கழித்தல் கணக்கை இவ்வளவு அழகாக யாரும் எனக்குச் சொல்லித்தந்ததில்லை.)

முதல் வாரம்: தொண்ணூறு.

"எண்பத்தாறுன்னாங்களே டாக்டர்?" என்றேன்.

"அது கையளவு மெஷின். இது கவருமெண்டு முத்திரை போட்டது" என்றார் அப்பா.

அம்மா களத்தில் இறங்கினாள். அரிசி நின்றது. காலையில் கேழ்வரகுக் கூழ், மதியம் கீரை, இரவில் கொள்ளு. கொள்ளுக் கஞ்சி, கொள்ளுத் துவையல், கொள்ளு ரசம். ஒரு வாரத்தில் நான் கனைக்காமல் இருந்ததே ஆச்சரியம். இரண்டாவது வியாழன்: தொண்ணூறு. துளிகூடக் குறையவில்லை.

மூன்றாவது வாரம் அத்தை பையனுக்குக் காதுகுத்து. பிரியாணி. மறுநாள் மீந்த பிரியாணி. போதாக்குறைக்கு எடைமேடைக்கு எதிரே இருந்த மணி அண்ணன் டீக்கடையில், புதன்கிழமை யாருக்கும் தெரியாமல் நான்கு வாழைக்காய் பஜ்ஜி. தூக்குக்குப் போகிறவளைப் போல வியாழக்கிழமை லாரியில் ஏறினேன்.

எண்பது.

அப்பா கண்ணாடி அறையிலிருந்து ஓடிவந்தார். "பத்து கிலோ! பாப்பா, பத்து கிலோ!" ஏகாம்பரம் அண்ணன் ஹாரன் அடித்தார். நான் நோட்டைத் திறந்து, அந்த வாரம் சாப்பிட்டதை எல்லாம் நேர்மையாக எழுதினேன்.

நான்காவது வாரம், கிடைத்த வெற்றியைக் காப்பாற்றிக்கொள்ள, அம்மா கொள்ளை இரட்டிப்பாக்கினாள். தொண்ணூறு! ஐந்தாவது வாரம், ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள, வேண்டுமென்றே பஜ்ஜி. எண்பது!

இங்கே என் அன்றைய புத்தியைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஸ்ரீபெரும்புதூர் கிளை நூலகத்தில் இயற்கை மருத்துவத்திலிருந்து எகிப்திய மம்மி வரை எல்லாவற்றையும் படித்துத் தொலைத்திருந்தேன். உலகம் நம்பியதை ஒருவன் தனியாக நின்று எதிர்த்தான், கடைசியில் அவன் சொன்னதுதான் உண்மை என்று ஆயிற்று: இப்படி நான் படித்த விஞ்ஞானிகளின் கதை எல்லாம் ஒரே மாதிரி இருந்தது. அந்த வரிசையில் அடுத்தது நான் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. நோட்டில் சிவப்பு மசியால் எழுதினேன்: 'பஜ்ஜி குறைக்கிறது. காரணம் ஆராயப்பட வேண்டும்.'

அம்மாவுக்கு நோட்டைப் படித்துக் காட்டினேன். அவள் பக்கம் பக்கமாகப் புரட்டினாள்.

"இன்னாடி இது, கொள்ளு துன்னா ஏறுது, எண்ணெ துன்னா எறங்குது?"

"நான் சொல்லலம்மா. மெஷின் சொல்லுது."

செய்தி சாலையில் பரவியது. மணி அண்ணன் வருகிற டிரைவர்களிடம் எல்லாம், "நம்ம கடை பஜ்ஜி வேற எண்ணெ தலைவா. எதுக்க போயி கேளு, எடைமேடைக்காரரு பொண்ணு பத்து கிலோ எறங்குச்சு" என்று வியாபாரம் செய்தார். அடுத்து வந்த வாரங்களில் முடிவு இப்படியும் அப்படியுமாக ஆடியது. பஜ்ஜி தின்றும் தொண்ணூறு வந்த வாரத்தில், எண்ணிக்கை போதவில்லை என்று குறித்துக்கொண்டேன்.

ஆனி மாதத்துக் கடைசி வியாழன், பன்னிரண்டாவது வாரம். அடுத்த செவ்வாய் டாக்டரம்மாவிடம் போக வேண்டும். என் ஆராய்ச்சியில் ஒரே ஓட்டை பாக்கி இருந்தது. எப்போதும் முதலில் நான் இல்லாமல், பிறகு என்னோடு என்றே எடை போட்டு வந்தோம். வரிசையை மாற்றினாலும் அதே முடிவு வருகிறதா என்று சோதிக்க வேண்டாமா?

"அப்பா, இன்னிக்கு மொதல்ல நானும் லாரியும். அப்புறமா லாரி மட்டும்."

"எப்டி போட்டாலும் ஒண்ணுதானம்மா."

"ஒண்ணு இல்லப்பா. ஆராய்ச்சில அப்படிச் செய்யணும்."

அப்பா சரி என்றார். நான் ஏறினேன். முதல் எடை வந்தது. மூன்று மாதப் பழக்கத்தில் அப்பாவின் விரல், முதல் எடை வந்தவுடன் சீட்டுக்கான பொத்தானை அழுத்தியது. சீட்டு வந்தது. ஏகாம்பரம் அண்ணன் அதை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். நான் இறங்கினேன். இரண்டாவது எடை. வித்தியாசம் தொண்ணூறு. லாரி கம்பெனியைப் பார்த்துப் போயிற்று. நான் வருத்தத்தோடு வீட்டைப் பார்த்து நடந்தேன். அந்தச் சீட்டில் இரும்புக் கம்பியோடு சேர்ந்து நானும் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருக்கிறேன் என்பது மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

மதியம் ஒன்றே முக்காலுக்கு அப்பாவின் டி.வி.எஸ். வண்டி வாசலில் வந்து நின்றது. அவர் இறங்கவில்லை.

"பாப்பா, ஏறு வண்டில."

"எங்கப்பா?"

"கம்பெனி கேட்டுக்கு. லாரில தொண்ணூறு கிலோ கம்பி காணோமாம்."

"அதுக்கு நான் எதுக்கு?"

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். "அந்தக் கம்பி நீதாம்மா."

கம்பெனி வாசலுக்கு உள்ளே அவர்களுடைய சொந்த எடைமேடை இருந்தது. அதன்மேல் ஏகாம்பரம் அண்ணனின் லாரி. அதற்குப் பின்னால் ஏழு லாரிகள் வரிசையாக. தலையில் மஞ்சள் ஹெல்மெட்டோடு ஸ்டோர்ஸ் ஆபீசர் நின்றுகொண்டிருந்தார். அளந்து பேசுகிற ஒல்லி மனிதர். அப்பாவிடம் திரும்பினார்.

"மிஸ்டர் வரதராஜன், முப்பது கிலோ வரைக்கும் வித்தியாசம் வந்தா நாங்க கேக்கறதில்ல. தொண்ணூறு கிலோ! வழியில இறக்கிட்டு உங்க சீட்டுல கூட்டிப் போட்டா நாங்க கண்டுபிடிக்க மாட்டோமா? இனிமே உங்க எடைமேடை சீட்டே எங்களுக்கு வேணாம்."

அப்படி ஆனால் அப்பாவின் வேலை அன்றைக்கே போகும். அது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

"சார், அது ஷார்ட்டேஜ் இல்ல சார்" என்று அப்பா என்னை முன்னால் தள்ளினார். "எம் பொண்ணு சார்."

ஆபீசர் என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார். நம்பிக்கை வரவில்லை, ஆனால் வாய்ப்பு இருக்கிறது என்பது போல. "சரி. லாரில ஏத்துங்க. தொண்ணூறு வந்தா விட்டுடறேன்."

அப்பா என்னைத் தனியே இழுத்துப் போனார். குரல் தழைந்தது. "பாப்பா, போன வாரம் எம்பது வந்துதே. இன்னிக்குக் காலைல இன்னா துன்ன?"

"கூழுப்பா."

அவ்வளவுதான். மூன்று மாதமாக என் கையிலிருந்து தின்பண்டத்தைப் பிடுங்கிய குடும்பத்தின் தலைவர், ஏகாம்பரம் அண்ணனைப் பார்த்துக் கத்தினார்: "எப்பா, ஓடு, எதுனா வாங்கியா!" அண்ணன் வாசலில் இருந்த கடையிலிருந்து ஒரு சீப்பு வாழைப்பழமும் இரண்டு பாட்டில் தண்ணீரும் கொண்டுவந்தார். பஜ்ஜி இருந்தது, வேண்டுமென்றே வாங்கவில்லையாம். ("கொறைஞ்சுடும்ல பாப்பா!")

இரண்டாவது பழத்தை அப்பா உரித்துக் கொடுத்துக்கொண்டிருக்கும்போது ஷேர் ஆட்டோவில் அம்மா வந்து இறங்கினாள். கம்பி திருட்டில் புருஷனையும் பெண்ணையும் பிடித்து வைத்திருப்பதாக யாரோ சொல்லியிருக்கிறார்கள். பதறிக்கொண்டு வந்தவள் கண்ட காட்சி இது.

"யோவ்! இன்னா பண்ற நீ? சக்கர கீற பொண்ணுக்கு பழம் ஊட்டுற?"

"இவளுக்கு இன்னிக்குத் தொண்ணூறு வரணும்டி. வரலன்னா எம் வேல பூடும்!"

"தொண்ணூறு வந்தா இவ ஹாஸ்டலு பூடும்!"

வாழைப்பழத்தின் ஒரு முனையை அப்பாவும் மறுமுனையை அம்மாவும் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நான் நடுவில் நின்று யோசித்தேன். வேலூர் தெரிந்தது. அங்கே நூலகத்தில் நான் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. அப்பாவின் கண்ணாடி அறையும் தெரிந்தது. பழத்தை வாங்கினேன், தின்றேன். அதற்கு மேல் இன்னும் இரண்டு தின்றேன். தியாகம் என்ற சொல்லுக்கு என் வாழ்க்கையிலிருந்து ஒரே உதாரணம் கேட்டால் இந்த நான்கு வாழைப்பழங்களைத்தான் சொல்வேன். (மூன்றாவது கொஞ்சம் காய்.)

லாரியில் ஏறினேன். உள்ளே சங்கு ஊதியது. முதல் ஷிப்டு முடிந்து கும்பல் கும்பலாகப் பேருந்துகளை நோக்கி வந்த நீலச் சட்டைத் தொழிலாளர்கள், இங்கே கூட்டத்தைப் பார்த்து நின்றுவிட்டார்கள். சிவப்பு எண் ஓடி நின்றது. ஆபீசர் கழித்துப் பார்த்தார்.

"எண்பது."

அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்தார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். சந்தோஷம்தான், ஆனால் காட்டுகிற இடமா அது?

"மீதி பத்து கிலோ எங்க?" என்றார் ஆபீசர்.

"சார், முப்பது கிலோ வரைக்கும் கேக்கறதில்லன்னீங்களே" என்றார் ஏகாம்பரம் அண்ணன்.

"அது இரும்புக்கு. ஆளுக்கு எப்படிங்க டாலரன்ஸ் தர முடியும்? காலைல தொண்ணூறா இருந்த பொண்ணு ரெண்டரை மணிக்கு எண்பதா?"

நான் லாரியின் ஜன்னலில் தலையை நீட்டி, இந்த வித்தியாசத்துக்கு என்னிடம் ஒரு விளக்கம் இருக்கிறது, ஆனால் அது பஜ்ஜி சம்பந்தப்பட்டது என்று சொல்ல வாயெடுத்தேன். நல்லவேளை, அதற்குள் ஸ்டோர்சில் வேலை பார்க்கும் ஓர் இளைஞர் முன்னால் வந்தார். சுடலைமுத்து என்று பெயர், திருநெல்வேலிப் பக்கம்.

"சார், ஒண்ணு சொல்லுதேன், கோவப்படாதீய. இந்த மெஷினு பத்துப் பத்தாத்தான் காட்டும், அவுக மெஷினும் அப்படித்தான். நடுவுல உள்ள எடைக்கு இதுக்குக் கண்ணு கிடையாது. எம்பத்தஞ்சு, எம்பத்தாறுன்னு ஒரு ஆளு ஏறுனா, லாரி எடை பத்துக்கு நடுவுல எங்க நிக்குங்கிறதப் பொறுத்து ஒருநேரம் எம்பதும்பான், ஒருநேரம் தொண்ணூறும்பான். உள்ள போல்ட்டு நிறுக்க மெஷினு இருக்கு. அது அம்பது கிராம் வரைக்கும் காட்டும். கொண்டாரட்டா?"

அந்த நொடியில் என் பன்னிரண்டு வாரமும் கண்முன் ஓடியது. பஜ்ஜி குற்றவாளியும் இல்லை, வீரனும் இல்லை. கொள்ளு சும்மா செத்தது. நான் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. மூன்று மாதமாக ஒரே எண்ணில் நின்றுகொண்டிருந்தேன். அந்த இயந்திரம்தான் என்னை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளி விளையாடியிருக்கிறது.

போல்ட் நிறுக்கும் மேடை சக்கரத்தில் உருண்டு வந்தது. ஏறினேன். சுடலைமுத்து நல்ல மனிதர். ஆனால் சரக்கின் எடையைச் சத்தமாகச் சொல்லிப் பழகியவர்.

"எம்பத்தேழு கிலோ இருநூறு கிராம்!"

பேருந்தின் கடைசி ஜன்னலிலிருந்து ஒரு குரல்: "எவ்ளோடா?"

"எம்பத்தேழு எரநூறு!"

"இன்னாது, கம்பியா?"

"இல்லடா, பொண்ணு!"

ஆபீசர் ஒரு காகிதத்தில் இரண்டு நிமிடம் கணக்குப் போட்டுப் பார்த்தார். இரண்டு இயந்திரத்துக்கும் அது பொருந்தியது. "ஓகே" என்று லாரிச் சீட்டில் கையெழுத்துப் போட்டார். அப்பா எழுந்து நின்றார். அம்மா என்னைப் பார்த்தாள். எண்பத்தாறு, எண்பத்தேழு ஆகியிருக்கிறது. பழம், தண்ணீர் எல்லாம் போனாலும் ஒரு கிலோகூடக் குறையவில்லை. வேலூர் போயிற்று.

கிளம்பும்போது வாசல் காவலாளி என்னை மறித்தார். இத்தனை கிலோ உள்ளே வந்ததாக ரெக்கார்டில் இருக்கிறது. பாஸ் இல்லாமல் வெளியே விட முடியாது என்றார். சுடலைமுத்து கேட் பாஸ் புத்தகத்தை எடுத்து எழுதினார். பொருள்: கலாவதி. எண்ணிக்கை: ஒன்று. எடை: 87.2. பொருள் திரும்பி வரவேண்டியதா இல்லையா என்று எழுதும் இடத்தில் பேனா நின்றது. (வரவேண்டியது என்றால், திரும்பி வந்த பிறகுதான் அந்தப் பாஸை முடிப்பார்கள்.)

"சார், ரிட்டர்னபுளா, நான்-ரிட்டர்னபுளா?"

ஆபீசர் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். "அடுத்த வியாழக்கிழமையும் இதே லாரிதானே வரும்? ரிட்டர்னபுள்னே போடு."

செவ்வாய்க்கிழமை டாக்டரம்மா எடை பார்த்தார்: எண்பத்தாறு. நான் அழுதுவிட்டேன். அவர் கண்டுகொள்ளாமல் நாடாவால் இடுப்பை அளந்தார். ரத்தச் சீட்டைப் பார்த்தார். மறுபடி இடுப்பை அளந்தார்.

"எடை அசையல. ஆனா இடுப்பு ரெண்டு இஞ்ச் குறைஞ்சிருக்கு, சர்க்கரையும் நல்லாவே இறங்கியிருக்கு. தினமும் என்ன பண்ணினே?"

நோட்டைக் கொடுத்தேன். அவர் சிவப்பு மசியில் எழுதியதைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

"இதுல சாப்பாடும் லாரியும்தான் இருக்கு. நடக்கறியா?"

"இல்ல டாக்டர்."

"பொய் சொல்றா" என்றாள் அம்மா. "லீவு உட்டதிலேர்ந்து தெனம் இவதான் அப்பனுக்கு சோறு எடுத்துக்கினு போறா. போக மூணு கிலோமீட்டரு, வர மூணு. வெயில்ல வேக வேகமா போவா, சோறு ஆறிடும்னு."

"அதையே எழுதலியே நீ!" என்று டாக்டரம்மா நோட்டை மூடினார். "இந்த வயசுல உடம்பு நடந்ததைத்தான் முதல்ல கணக்குல எடுத்துக்கும், முள்ளு அப்புறம்தான் நகரும். மாத்திரை இப்ப வேணாம். நடக்கறதை விடாதே, கூல்டிரிங்க்ஸ் வேணாம். பஜ்ஜி..." கொஞ்சம் யோசித்தார். "ஆராய்ச்சி போதும்."

இறங்கினால் ஹாஸ்டல் என்று சொன்னது அம்மா, இறங்கியது சர்க்கரை. சொன்ன சொல்லிலிருந்து அவள் தப்பிக்கப் பார்த்தாள், வழி கிடைக்கவில்லை.

ஆடி பிறந்து இரண்டாவது திங்கள், வேலூர். ஹாஸ்டல் வார்டன், பெண்ணை எந்தெந்த விடுமுறைக்கு வீட்டுக்கு அனுப்பலாம் என்று பெற்றோர் எழுதித் தரவேண்டும் என்றார். அம்மாவுக்கு எழுத வராது. சுருக்குப்பையை அவிழ்த்து, நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"இத்த வெச்சுக்கோம்மா. ஆபீசரு கையெழுத்து கீது. திரும்பி வரணும்னு போட்டுகீறாரு."

வார்டன் படித்தார். 'பொருள்: கலாவதி' என்ற வரியில் வெகுநேரம் நின்றார். பிறகு என் கோப்பில் அதைச் சேர்த்துவிட்டார். மூன்று வருடமும் ஹாஸ்டலில் என் பெயர் ரிட்டர்னபுள்.

அப்பா இப்போது வேலையில் இல்லை. நான் வருடத்துக்கு நாலைந்து முறை ஊருக்குப் போகிறேன், என் பிள்ளைகளோடு. நல்லா இருக்கியா, எப்ப கிளம்பின என்றெல்லாம் அவர் கேட்பதில்லை. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே குரல் வரும்:

"வந்துட்டியா? அந்தப் பாஸ முடிச்சிடலாமா?"

"முடிக்காதீங்கப்பா. ஞாயித்துக்கிழம திரும்பப் போறேன்."

"செரி. இருக்கட்டும்."